கேவிட்டி சுவரில் ஸ்லைடிங் கதவு: அடித்தண்டவாளம் தொய்ந்த கதை

இங்கிலாந்தில் 1930-களுக்குப் பின் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் கேவிட்டி சுவர்தான். வெளியே செங்கல், உள்ளே பெரும்பாலும் கான்கிரீட் பிளாக், நடுவில் ஐந்து சென்டிமீட்டரோ அதற்கு மேலோ வெற்றிடம். தோட்டப் பக்கத்துப் பழைய கதவைக் கழற்றி, அதே திறப்பில் யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஸ்லைடிங் கதவை நானே வைத்தேன். திறப்பை அகலமாக்குவது வேறு கதை. அதற்கு லிண்டல் மாற்ற வேண்டும், இன்ஜினியரைப் பாருங்கள்.

முதலில் கவுன்சிலில் கட்டட விதிகளைக் கவனிக்கும் பில்டிங் கன்ட்ரோல் பிரிவுக்குத் தெரிவித்துவிடுங்கள். கண்ணாடி டஃபன்டு (எளிதில் உடையாதபடி உறுதியாக்கிய கண்ணாடி) ஆக இருக்கட்டும். அகலம், உயரம் இரண்டையும் மூன்று மூன்று இடத்தில் அளந்து, ஆகக் குறைந்த அளவில் 10 மில்லிமீட்டர் கழித்து ஆர்டர் கொடுங்கள்.

நான் மாட்டிக்கொண்டது அடிப்பக்கத்தில். செங்கலின் தடிமன் சுமார் 102 மில்லிமீட்டர்தான், என் கதவு நிலையோ அதைவிட அகலம், அதனால் உள்விளிம்பு வெற்றிடத்தின் மேல் அந்தரத்தில் நின்றது. இரண்டு ஓரத்தில் மட்டும் பேக்கர் (மட்டம் சரிசெய்ய அடியில் கொடுக்கும் தகடு) வைத்து ரசமட்டம் பார்த்தேன், குமிழி நடுவில் அழகாக நின்றது. கண்ணாடிக் கதவை ஏற்றியதும் தண்டவாளம் தொய்ந்து, கதவு தானாகவே நடுவுக்கு உருண்டு வந்தது. சக்கரத் திருகைத்தான் குறை சொல்லி ஒரு மணி நேரம் முறுக்கிக்கொண்டிருந்தேன்!

கடைசியில் எல்லாவற்றையும் கழற்றி, டிபிசி பட்டை (ஈரம் ஏறாமல் தடுக்கும் பிளாஸ்டிக் பட்டை) விரித்து, பாரம் தாங்கும் கெட்டியான இன்சுலேஷன் கட்டையைச் செங்கலிலிருந்து உள் பிளாக் வரை குறுக்கே எட்டும்படி வெட்டி நீளம் முழுக்க வைத்தேன். அதன்மேல் நெருக்கமாகப் பிளாஸ்டிக் பேக்கர். மரச்சில்லு வேண்டவே வேண்டாம், ஈரத்தில் ஊறும், காய்ந்தால் சுருங்கும். ரசமட்டமும் 1.8 மீட்டர் நீளமாவது இருக்கட்டும், குட்டி மட்டம் என்னை நன்றாக ஏமாற்றியது.

அப்புறம் மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து, சமமாக வந்தால் மட்டும் திருகுங்கள். மூலையிலிருந்து 150 மில்லிமீட்டரில் முதல் திருகு, பிறகு 600-க்கு மிகாமல் ஒவ்வொன்று. துளை செங்கலின் நடுவில் விழ வேண்டும், உள்ளே தள்ளிப் போனால் திருகு காற்றைத்தான் பிடிக்கும். இடைவெளிக்கு அதிகம் உப்பாத ஃபோம் போதும், மற்றது நிலையையே வளைத்துவிடும்.

பிற்சேர்க்கை: இதைப் பார்த்துச் செய்த நண்பர் வீட்டில் மழைக்குத் தண்டவாளத்தில் தண்ணீர் தேங்கியது. போய்ப் பார்த்தால், வெளியே தண்ணீர் வடியும் துளைகளையும் சேர்த்துச் சிலிக்கான் பூசியிருக்கிறார். சொல்லாமல் விட்டது நான்தான். அவற்றை அடைக்காதீர்கள்.