ஜிமேட்டுக்கு முன் கடவுச்சீட்டைப் பாருங்கள்

கொழும்பிலிருந்து வெளிநாட்டில் எம்.பி.ஏ. படிக்க நினைப்பவர்கள் முதலில் கணிதப் புத்தகத்தைத்தான் தேடுகிறார்கள். அதற்கு முன் கடவுச்சீட்டைத் திறந்து பெயரைப் பாருங்கள். எம்.பி.ஏ. சேர்க்கைக்காக எழுதும் ஜிமேட் பரீட்சையின் பதிவில் உள்ள பெயர் அதிலுள்ள பெயரோடு பொருந்தாவிட்டால் பரீட்சை அறைக்குள் விடமாட்டார்கள். கட்டிய பணமும் போய்விடும். நம்மவர்களுக்கு இது பெரிய தொல்லை. பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டல், பாடசாலைச் சான்றிதழில் இன்னொன்று, தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால். திருத்த நாளெடுக்கும், இப்போதே தொடங்குங்கள்.

பரீட்சை இரண்டே கால் மணி நேரம். கணிதம், மொழித்திறன், தரவு ஆய்வு என மூன்று பகுதிகள். புள்ளி 5 ஆண்டுகள் செல்லும். மீண்டும் எழுத 16 நாள் காத்திருக்க வேண்டும் என்பதால், விண்ணப்ப முடிவுத் திகதியை ஒட்டி நாள் குறிக்காதீர்கள்.

பிரித்தானிய மாணவர் விசா என்றால் பணத்தில் கவனம் வேண்டும். கேட்கும் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். கணக்கு உங்கள் பெயரில் அல்லது பெற்றோர் பெயரில் இருப்பது நல்லது. மாமாவின் கணக்கு, அவர் எவ்வளவு பாசக்காரரானாலும், பொதுவாக எடுபடாது. பெற்றோர் கணக்கென்றால் பிறப்புச் சான்றிதழும் ஒப்புதல் கடிதமும் தேவை. சான்றிதழ் தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பை இணையுங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்புக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழும் கேட்பார்கள். அது 6 மாதம் மட்டுமே செல்லும்.