எக்ஸார்ஷிஃப்ட்: முதல் எண் சரியாக வந்தால் நம்பிவிடாதீர்கள்

ஜார்ஜ் மர்சாக்லியா 2003-இல் வெளியிட்ட 32 பிட் எக்ஸார்ஷிஃப்ட், ரேண்டம் எண்களைப் போன்ற எண்களை உருவாக்கும் முறை; மொத்தமே மூன்று வரி. எண்ணை இடப்பக்கம் 13 பிட் நகர்த்தி அந்த எண்ணோடே எக்ஸார் (இரு பிட்கள் வேறுபட்டால் 1, ஒன்றானால் 0) செய்ய வேண்டும். வந்த எண்ணுக்கு இதையே அடுத்து வலப்பக்கம் 17, கடைசியாக இடப்பக்கம் 5 என்று செய்ய வேண்டும். சி மொழியில் சரியாக ஓடும் இந்த மூன்று வரியை வேறு மொழிக்கு அப்படியே பெயர்க்கும்போதுதான் பிழை நுழைகிறது.

சீட் (தொடக்க எண்) 1 என்றால் வர வேண்டியவை: 270369, 67634689, 2647435461. மூன்றையும் ஒப்பிடுங்கள். முதல் எண் தவறான நிரலிலும் சரியாகவே வரும். அந்தச் சுற்றில் எதுவும் 32 பிட் எல்லையை எட்டுவதில்லை.

இரண்டாவது எண் 67601921 என்று வந்தால், ஜாவாவிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ வலப்பக்க நகர்த்தலுக்கு >> போட்டிருக்கிறீர்கள். இரண்டாம் சுற்றில் 13 பிட் நகர்த்தியதும் உச்சி பிட் 1 ஆகிறது. >> அதை மைனஸ் குறியாக எடுத்துக்கொண்டு காலி இடங்களை 1-களால் நிரப்பிவிடும். >>> போடுங்கள், அது 0-களால் நிரப்பும். இரண்டு எண்களும் 676 என்றே தொடங்குவதால் கண் எளிதில் ஏமாறும்.

இரண்டாவது எண் 68787111425 என்று வந்தால் வெட்டப்பட வேண்டிய பிட்கள் தங்கிவிட்டன. பைதான் முழு எண்ணுக்கு எல்லை கிடையாது. சி-யிலும் 64 பிட் லினக்ஸில் 'அன்சைன்ட் லாங்' (அங்கே 64 பிட் கொண்ட, மைனஸ் இல்லாத முழு எண் வகை) எடுத்தால் இதே எண்தான் வரும். ஒவ்வொரு இட நகர்த்தலுக்கும் பிறகு & 4294967295 போட்டு வெட்ட வேண்டும். சுற்றின் முடிவில் மட்டும் வெட்டினால் இரண்டாவது எண் சரியாகிவிடும், மூன்றாவதோ 2510039237 ஆகும்: எல்லை தாண்டிய பிட்களை 17 பிட் நகர்த்தல் திரும்ப உள்ளே இழுத்துவிடுகிறது. இந்தப் பிழைதான் கண்ணில் படாமல் அதிக நாள் தங்கும்.

ஜாவாஸ்கிரிப்டில் மூன்றாவது எண் -1647531835 என்றால் பதற வேண்டாம். பிட்கள் சரிதான்; வெளியே கொடுக்கும்போது >>> 0 சேருங்கள். சேர்க்காமல் % போட்டால் மீதியும் மைனஸில் வரும்.

சீட் 0 கூடவே கூடாது, எத்தனை சுற்று ஓடினாலும் 0-தான்.

0 முதல் 1 வரை தசம எண் வேண்டுமென்றால், 32 பிட் ஃப்ளோட்டில் நேராக 4294967296-ஆல் வகுக்காதீர்கள். உச்சியிலுள்ள 128 எண்கள் சரியாக 1.0 ஆகி, அர்ரே இன்டெக்ஸ் எல்லை தாண்டும். முதலில் வலப்பக்கம் 8 பிட் நகர்த்தி, 16777216-ஆல் வகுங்கள்.

கடவுச்சொல், ஓடிபி பக்கம் இதைக் கொண்டுபோகவே வேண்டாம். வெளியே வரும் எண்ணே உள்நிலை என்பதால், ஒன்றைப் பார்த்தவர் அடுத்து வரும் அத்தனையையும் கணக்கிட்டுவிடுவார்.