பீடோங்கிலிருந்து நாகைக்கு: கடாரத்து அரசன் கட்டிய விகாரையைத் தேடிப் போவோருக்கு

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கத்திலிருந்து தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் எங்கெங்கே போவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். பழனி, மதுரை, ராமேஸ்வரம், கடைசி இரண்டு நாள் சென்னையில் புடவைக்கடை. அதில் எதையும் குறைக்கச் சொல்லவில்லை. இரண்டு நாள் கூட்டி நாகப்பட்டினத்துக்கும் போய்வாருங்கள் என்கிறேன். கெடாவில் பிறந்த தமிழருக்கு அந்த ஊரோடு இரட்டை உறவு. பால்மரம் (ரப்பர்) வெட்ட வந்த நம் தாத்தா பாட்டிகளில் எத்தனையோ பேர் பினாங்குக்குக் கப்பல் ஏறியது அங்கேதான். அதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே கடாரத்து அரசன், அதாவது பழைய கெடாவின் அரசன், கடல் தாண்டிப் புத்த விகாரை எழுப்பியதும் அங்கேதான்.

விமானம் ஏறுவதற்கு முன் ஒரு காலைப்பொழுதை மெர்போக்குக்கு ஒதுக்குங்கள். செமிலிங் வழியாகப் போனால் பக்கம்தான். பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தில் இந்து, பௌத்த எச்சங்கள் இரண்டும் இருக்கின்றன. அதை ஒட்டிய மேட்டில் சண்டி புக்கிட் பத்து பகாட் இருக்கிறது. அது சிவன் கோயில். 1936-37இல் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் தோண்டிப் பார்த்தார், 1960இல் கற்களை அடுக்கி மீண்டும் நிறுத்தினார்கள். மரத்தூண்களைத் தாங்கிய கல் ஆதாரங்கள் வரிசையாக நிற்கும். மரம் மட்கிப்போய்விட்டது, கல் மட்டும் மிச்சம். பிள்ளைகளை அந்தக் கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஓடையின் சத்தம் கேட்கும், அண்ணாந்தால் குனோங் ஜெராய் மலை. பட்டினப்பாலையில் 'காழகத்து ஆக்கம்' என்று வருவதற்கு உரைகாரர் கடாரம் என்றே பொருள் சொல்கிறார். அந்தக் கடாரம்தான் நாம் தினமும் மோட்டாரில் போய்வரும் இந்தப் பக்கம்.

கெடாக்காரர்கள் சுங்கை பட்டாணியில் ரயில் ஏறி கோலாலம்பூர் போய், அங்கிருந்து திருச்சிக்குப் பறப்பது நல்லது. திருச்சியிலிருந்து நாகை சுமார் 140 கிலோமீட்டர், வழியில் தஞ்சாவூர். நவம்பர், டிசம்பரில் அந்தக் கரையில் மழையும் புயலும் அடிக்கும். நம் பள்ளி விடுமுறையைப் பார்த்து அந்த மாதங்களைப் பிடிக்காமல், பொங்கல் கூட்டம் கலைந்தபிறகு போங்கள்.

நாகையில் விகாரை இன்று இல்லை. இதை முதலிலேயே தெரிந்துகொண்டு போக வேண்டும். கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜய அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரில் கட்டிய விகாரை அது. முதலாம் ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்ததை லெய்டன் செப்பேடு சொல்கிறது. அதே சோழர் குலத்து ராஜேந்திரன்தான் 1025இல் கப்பற்படை அனுப்பிக் 'கடாரம் கொண்டான்' ஆனவன். நாகையில் கடைசிவரை நின்ற பழைய பௌத்தக் கோபுரத்தை 1867இல் இடித்துவிட்டார்கள்.

அதனால்தான் வழிகாட்டி வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். முதல் தடவை நான் காரோட்டியை மட்டும் நம்பிப் போனேன். வேளாங்கண்ணி, நாகூர் இரண்டையும் நன்றாகக் காட்டினார். புத்தர் என்றதும், "அதெல்லாம் இங்க இல்லீங்கண்ணே" என்று வண்டியைத் திருப்பிவிட்டார். பணம் போனதைவிட அந்த ஒரு நாள் போனதுதான் இன்னும் மனசில் உறுத்துகிறது. அடுத்த தடவை ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கிடைத்தார். வெளிப்பாளையத்துத் தெரு ஒன்றில், சாதாரண வீடுகளுக்கு நடுவே நிறுத்தி, "நீங்க நிக்கிற மண்ணுக்குக் கீழதான் தம்பி எல்லாம்" என்றார். 1856இல் தொடங்கி 1930கள் வரை அந்த வட்டாரத்தில் சுமார் 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்திருக்கின்றன. அந்தத் தெருவில் அறிவிப்புப் பலகை ஏதும் என் கண்ணில் படவில்லை. அவர் இல்லாவிட்டால் அதை வெறும் தெருவென்று கடந்திருப்பேன்.

ஆளைப் பேசும்போது ஒரே கேள்வி போதும்: "புத்தமங்கலம் தெரியுமா?" தெரியும் என்றால், அங்கே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். கீழ்வேளூர் பக்கம் சோழர் காலப் புத்தர் அமர்ந்திருக்கும் ஊர் அது. காருக்கு எவ்வளவு, ஓட்டுநர் பேட்டா எவ்வளவு, வழிகாட்டிக்குத் தனியாக எவ்வளவு என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். கிராமத்துச் செலவுக்குச் சில்லறையாக ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். சிலைக்குப் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படம் எடுங்கள்.

நாகையில் கிடைத்த திருமேனிகளில் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. புடவைக்கடை நாளில் பாதியை அதற்குக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. மலேசியக் கடப்பிதழ் வைத்திருந்தால் வெளிநாட்டவர் கட்டணம்தான், தமிழ் பேசினாலும் அதுதான். செப்புத் திருமேனிக் கூடம் திறந்திருக்கிறதா என்று வாசலிலேயே கேளுங்கள். உள்ளே போனால் சின்னச் சின்னப் புத்தர்களின் தலையுச்சியைப் பாருங்கள். தீக்கொழுந்து போல ஒன்று எழுந்து நிற்கும். நாகைப் புத்தருக்கு அது ஓர் அடையாளம்.

சேலத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் நம் தோட்டங்களில் நிறைய. அவர்கள் ஊருக்குப் போகும்போது தலைவெட்டி முனியப்பனையும் பார்க்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக முனியாகக் கும்பிடப்பட்ட அந்தச் சிலை புத்தர்தான் என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, பூசையும் கூடாது என்றது. தோட்ட வீட்டு வரிசையான லயத்தின் கோடியில் முனியாண்டிக்குச் சுருட்டு வைத்து வளர்ந்தவர்கள் நாம், கை தானாகக் கற்பூரத்தைத் தேடும். தட்டைக் காரிலேயே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் எதிரே சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.