மேடையிலிருந்து கீழ்த்தளத் திரைக்கு: இரண்டு கணினிகளுக்கு இடையே நேரலை வீடியோ

மாட்டுங்காவில் கச்சேரியோ தாராவியில் பொங்கல் விழாவோ, மும்பையில் நமக்குக் கிடைக்கும் மண்டபத்தில் எல்லோருக்கும் இடம் இருப்பதில்லை. உட்கார இடம் கிடைக்காதவர்களுக்குக் கீழ்த்தளத்தில் ஒரு திரை வைத்து மேடையைத் தெளிவாகக் காட்டலாம். இரண்டு லேப்டாப், ஒரு ரௌட்டர், ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருள் இருந்தால் போதும். வீடியோ கால் இதற்குச் சரிவராது. இணையம் தளர்ந்தால் படத்தை மங்கலாக்கிவிடும். தவிலைக்கூட இரைச்சல் என்று எண்ணி அமுக்கும்.

நாம் எஸ்ஆர்டி என்ற முறையில், அதாவது நேரலை வீடியோவை நெட்வொர்க் வழியே அனுப்புவதற்கென்றே உள்ள முறையில், அனுப்பப் போகிறோம். ஹைவிஷன் நிறுவனம் உருவாக்கி, 2017இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. வழியில் தொலைந்த தரவுத் துணுக்குகளை மட்டும் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். படம் உடையாமல் வருவது அதனால்தான்.

முதலில் கேபிள். இரண்டு லேப்டாப்பையும் லேன் கேபிளால் ரௌட்டரில் இணையுங்கள். கூட்டத்தில் எல்லோர் கையிலும் போன் இருக்கும்போது வைஃபையை நம்பவே கூடாது. ஒரு கேபிள் 100 மீட்டர் வரை போகலாம். ஒரே ரௌட்டருக்குள் நடப்பதால் இணையமே வேண்டாம்.

அப்புறம், கீழ்த்தள லேப்டாப்பை முதலில் தயார் செய்யுங்கள். விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் அடித்து அதன் ஐபி எண்ணை (நெட்வொர்க்கில் அந்த லேப்டாப்பின் முகவரி) குறித்துக்கொள்ளுங்கள், உதாரணமாக 192.168.1.20. ஓபிஎஸ்ஸில் மீடியா சோர்ஸ் சேர்த்து, லோக்கல் ஃபைல் டிக்கை எடுங்கள். இன்புட் பெட்டியில் இதை ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல் அடியுங்கள்:

எஸ்ஆர்டி://0.0.0.0:9000?மோட்=லிசனர்&லேட்டன்சி=500000

கீழே இன்புட் ஃபார்மட்டில் எம்பெக்டிஎஸ். ஃபயர்வால் அனுமதி கேட்டால் கொடுங்கள். படம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

மேடை லேப்டாப்பில் கேமராவைச் சேர்த்து, செட்டிங்ஸ், ஸ்ட்ரீம், சர்வீஸ் என்று போய் கஸ்டம் தேர்வு செய்யுங்கள். சர்வர் பெட்டியில்:

எஸ்ஆர்டி://192.168.1.20:9000?மோட்=காலர்&லேட்டன்சி=500000

ஸ்ட்ரீம் கீ காலியாகவே இருக்கட்டும். பிட்ரேட் 8000, அளவு 1920க்கு 1080, கீஃபிரேம் 2 நொடி. எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) 25 வையுங்கள்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மேடை விளக்குகள் படத்தில் துடிப்பது குறையும். ஸ்டார்ட் ஸ்ட்ரீமிங் அழுத்தினால் கீழே படம் வரும்.

லேட்டன்சியை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். ஓபிஎஸ்ஸில் இது மைக்ரோநொடிக் கணக்கு. 500000 என்றால் அரை நொடி. தொலைந்ததை மீட்க எஸ்ஆர்டி எடுத்துக்கொள்ளும் அவகாசம் அது. இரு பக்கமும் வேறு வேறாகக் கொடுத்தால் அதிகமானதே செல்லும். படம் கட்டம் கட்டமாக உடைந்தால் இதைக் கூட்டிப் பாருங்கள். தனி அறையில் பார்ப்பவர்களுக்கு ஒரு நொடி தாமதம் தெரியவே தெரியாது. மேடைக்குப் பக்கத்திலேயே திரை என்றால் பாடகரின் வாயும் குரலும் பொருந்தாது. அங்கே நேரடி எச்டிஎம்ஐ கேபிளே சரி.

ஒலியைக் கேமரா மைக்கில் எடுக்காமல் மிக்ஸரிலிருந்து ஒரு லைன் வாங்குங்கள். கீழே ஸ்பீக்கரில் கேட்க, அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராபர்ட்டீஸில் மானிட்டர் அண்ட் அவுட்புட் தேர்வு செய்ய வேண்டும். திரையில் காட்ட, படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து ஃபுல்ஸ்கிரீன் ப்ரொஜெக்டர்.

செம்பூரிலிருந்து டோம்பிவிலிக்கு, அதாவது இணையம் வழியே அனுப்பவும் இதே முறைதான். ஆனால் பெறுபவரின் ரௌட்டரில் 9000 யுடிபி போர்ட்டைத் திறந்துவிட வேண்டும், அவருக்குப் பொது ஐபி எண்ணும் (வெளியிலிருந்து இணையம் வழியே நேராக எட்டக்கூடிய முகவரி) வேண்டும். பல வீட்டு இணைப்புகளில் அது இருக்காது. இணைப்பு கொடுத்தவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.