விற்பனைக்கு வராத கைபேசி, கையில் பதினைந்து நிமிடம்: எதை முதலில் பார்ப்பது?

அறிமுக விழாவோ, கடைக்கு முன்கூட்டியே வந்து சேர்ந்த மாதிரியோ, பதிவெழுதும் நண்பருக்கு அனுப்பப்பட்ட ஒன்றோ, விற்பனைக்கு வராத புதிய கைபேசி உங்கள் கைக்கு வந்தால் கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடம்தான். அதற்குள் பின்னால் நிற்பவர் தொண்டையைச் செருமத் தொடங்கிவிடுவார். பெரும்பாலோர் அந்த நேரத்தில் கேமராவைத் திறந்து மேடையைப் படமெடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். எத்தனை மெகாபிக்சல், எவ்வளவு ராம் என்பதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்தே படித்துக்கொள்ளலாம். விரல் பட்டால் திரை எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டும் அங்கேதான் அறிய முடியும். ஆகவே இந்த வரிசை விரலிலிருந்து தொடங்குகிறது.

படி 1: தாளில் ஒரு கோடு

போகும்முன் ஒரு தாளை எடுத்து நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் ‘தொட்டது’, வலப்பக்கம் ‘சொன்னது’. மேலே தேதி. நீங்களே செய்து பார்த்தது இடப்பக்கம்; மேடையிலும் விளம்பர அட்டையிலும் வந்தது வலப்பக்கம். இரண்டும் கலக்கவே கூடாது.

தேதிக்கு என்ன அவசியம் என்றால், முதல் ஐபோனைப் பாருங்கள். 2007 ஜனவரி 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் அதைக் காட்டியபோது, தொடர்ந்து 5 மணி நேரம் பேசலாம் என்றார்கள். திரையின் மேற்பரப்பு பிளாஸ்டிக். ஜூன் 18 அன்று வந்த அறிவிப்பில் பேச்சு நேரம் 8 மணியானது, பிளாஸ்டிக் கண்ணாடியானது. கடைக்கு வந்தது ஜூன் 29. ஜனவரியில் தொட்டுப் பார்த்தவர் எழுதிய குறிப்பு பொய்யல்ல. ஆனால் ஜூனில் வாங்கியவர் தொட்டது வேறு பரப்பு.

படி 2: அசலா, டம்மியா?

காட்சிக்கு வைப்பவற்றில் உள்ளே ஒன்றுமில்லாத டம்மிகளும் உண்டு. அவற்றை வைத்து எடையைப் பற்றி எழுதிவிடாதீர்கள். அசல் என்றால் செட்டிங்ஸில் ‘போனைப் பற்றி’ பகுதிக்குப் போய் மென்பொருள் பதிப்பின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

படி 3: மெதுவாக ஒரு சாய்கோடு

நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள்.

இன்றைய திரைகளில் கண்ணாடிக்கு அடியில் மின்சாரம் கடத்தும் மெல்லிய வலை ஒன்று இருக்கிறது. விரல் அருகே வந்தால் அந்த இடத்தின் மின்புலம் கொஞ்சம் மாறும். அதை வைத்துத்தான் கைபேசி விரலைக் கண்டுகொள்கிறது. நகத்தால் தட்டினால் கேட்காததற்கும் காரணம் இதுதான். 2008-இல் வந்த நோக்கியா 5800 போன்றவை அழுத்தத்தை உணர்பவை. நகமோ குச்சியோ எதுவும் போதும், ஆனால் அழுத்த வேண்டும்.

வரைவதற்கு வசதியுள்ள குறிப்புச் செயலியைத் திறந்து, மூலைக்கு மூலை சாய்வாக, நத்தை போல மெதுவாக ஒரு கோடு இழுங்கள். வேகமாக இழுத்தால் எல்லாத் திரையும் நேர்கோடுதான் காட்டும். மெதுவாக இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். கோடு நெளிந்து படிக்கட்டு போல வந்தால் தொடு உணர்வு சுமார் என்று இடப்பக்கம் எழுதுங்கள். கோடு ஓரம் வரை வருகிறதா, ஓரத்துக்குச் சற்று முன்பே நின்றுவிடுகிறதா என்பதையும் பாருங்கள்.

அடுத்து, முகப்பிலுள்ள ஒரு ஐகானை அழுத்திப் பிடித்து இடமும் வலமும் வேகமாக இழுங்கள். விரலுக்குப் பின்னால் அது எவ்வளவு தூரம் தள்ளி ஓடி வருகிறது? 60 ஹெர்ட்ஸ் திரை ஏறத்தாழ 16.7 மில்லிவிநாடிக்கு ஒருமுறை படத்தை மாற்றும். 120 ஹெர்ட்ஸ் திரை 8.3 மில்லிவிநாடிக்கு ஒருமுறை. அட்டையில் 120 என்று போட்டிருந்தும் ஐகான் பின்தங்கினால், எண் வலப்பக்கம் போகட்டும், உங்கள் விரல் கண்டது இடப்பக்கம் இருக்கட்டும்.

ஆண்ட்ராய்டாக இருந்து, பொறுப்பாளர் மறுக்கவில்லை என்றால் இன்னொன்றும் செய்யலாம். ‘போனைப் பற்றி’ பகுதியிலுள்ள ‘பில்டு நம்பர்’ என்ற வரியை ஏழு முறை தட்டினால், மென்பொருள் எழுதுவோருக்கான டெவலப்பர் தெரிவுகள் செட்டிங்ஸில் திறக்கும். அதில் ‘பாயின்டர் லொகேஷன்’ என்பதை இயக்கினால் விரல் போகும் பாதை திரையிலேயே கோடாக விழும், எண்களோடு. ஓரங்களைச் சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. முடித்ததும் மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

படி 4: வீட்டில் பிடிப்பது போலப் பிடியுங்கள்

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விழாவில், ஓரம் வளைந்த திரையுள்ள கைபேசி ஒன்றை மேசையோடு கம்பியில் கட்டி வைத்திருந்தார்கள். நின்றபடியே இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்து, ‘கைக்கு அடக்கம்’ என்று எழுதிவிட்டு, விற்பனைக்கு வந்ததும் நானே வாங்கினேன். அன்றிரவு படுத்துக்கொண்டு ஒற்றைக் கையால் படித்தபோது, கட்டை விரலின் அடிச்சதை வளைவில் பட்டுப் பட்டுப் பக்கம் தானாக ஓடியது. நான் எழுதியதை நம்பி வாங்கிய தம்பி இன்றும் அதைச் சொல்லிக்காட்டுகிறான்.

கம்பி அனுமதிக்கும் மட்டும் ஒற்றைக் கையில் பிடித்து, கட்டை விரலை எதிர்மூலை வரை கொண்டுபோங்கள். எட்டுகிறதா? எட்டும்போது உள்ளங்கை எதையாவது திறந்துவிடுகிறதா?

படி 5: தமிழில் தட்டுங்கள்

ஆங்கிலத்தில் ‘ஹலோ’ எழுதிப் பார்ப்பதால் நமக்கு என்ன பயன்? தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டு ‘கொக்கு, கோழி, கௌதாரி’ என்று எழுதுங்கள். கொம்பும் காலும் எழுத்தின் இருபுறமும் ஒழுங்காக ஒட்டிக்கொள்ள வேண்டும்; எழுத்தோடு ஒட்டாத குறியின் பக்கத்தில் புள்ளிகளாலான வட்டம் எட்டிப் பார்த்தால் மென்பொருளில் கோளாறு. பிறகு ‘கொ’வை அழித்துப் பாருங்கள். ஒரே தட்டில் முழு எழுத்தும் போகிறதா, குறி மட்டும் போய் ‘க’ மிஞ்சுகிறதா? எனக்கு இரண்டாவதுதான் வசதி. தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பு இருந்தால் அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. நடுவில் புள்ளி தானாக விழுந்து ‘அம்மா’ வரவேண்டும்.

படி 6: வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள்

விழா அரங்கின் விளக்கில் எல்லாத் திரையும் அழகுதான். வெளியே விடமாட்டார்கள் என்றால் ஜன்னலோரமாவது கேளுங்கள். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து நாலு பக்கமும் சாய்த்து, நீலமோ பச்சையோ ஏறுகிறதா என்று கவனியுங்கள்.

மடிப்புத் திரை என்றால், மேலே உள்ள எந்தத் தாளையும் உரிக்காதீர்கள். சாம்சங் கேலக்ஸி ஃபோல்டு 2019 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவில் வெளிவருவதாக இருந்தது. அதற்குச் சில நாள் முன்பு மதிப்பாய்வுக்கு வாங்கியவர்களில் சிலர், போக்குவரத்துக்காக ஒட்டிய தாள் என்று நினைத்து மேலடுக்கை உரித்துவிட, திரை செயலிழந்தது. உரிக்காத சிலருடையதும் பழுதானது. வெளியீடு செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. நிறுவனத்தின் சோதனைக்கூடத்தில் யாரும் அதை உரித்துப் பார்க்கத் துணியவில்லை போலும்.

படி 7: இப்போது கேமரா

நேரம் மிஞ்சினால் மூன்று படம் போதும்: ஒரு முகம், ஓர் இருண்ட மூலை, நடந்துபோகும் ஒருவர். வெளியீட்டுக்கு முந்தைய மென்பொருளில் எடுத்தது என்ற வரி இல்லாமல் இவற்றைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாதீர்கள்.

படி 8: திருப்பிக் கொடுக்கும்முன்

எடுத்த படங்களை அழியுங்கள், குப்பைத்தொட்டியிலிருந்தும். உங்கள் கணக்கில் நுழைந்திருந்தால் வெளியேறுங்கள். எப்போது முதல் எழுதலாம் என்ற தேதியைப் பொறுப்பாளரிடம் கேட்டு, தாளின் வலப்பக்கத்தில் குறித்துக்கொண்டு, திரையைச் சட்டை நுனியால் ஒருமுறை துடைத்து நீட்டுங்கள். பின்னால் நிற்பவர் இப்போது உங்களை முறைத்துக்கொண்டிருப்பார்.