இலவசக் கம்பைலரும் டீபக்கரும் நிறுவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் சி, சி++ கற்கும் மாணவர்கள் பலர், விஷுவல் ஸ்டுடியோ கோடை நிறுவிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். அது நிரல் எழுதுவதற்கான எடிட்டர் மட்டுமே. எழுதியதை இயங்கு கோப்பாக மாற்றும் கம்பைலரும், ஓடுகின்ற நிரலை வரிவரியாக நிறுத்திப் பார்க்க உதவும் டீபக்கரும் தனித்தனி மென்பொருள்கள். எடிட்டருக்குள் சேர்க்கும் சி++ நீட்டிப்பிலும் கம்பைலர் கிடையாது. நிரல் எழுத உதவும் இன்னொரு மென்பொருளான கோட் பிளாக்ஸிலும் இதே குழப்பம் உண்டு. அதன் பதிவிறக்கப் பக்கத்தில் மிங்ஜிடபிள்யூ (விண்டோஸுக்கான இலவசக் கம்பைலர் தொகுப்பு) என்ற பெயர் சேர்ந்த கோப்பும் சேராத கோப்பும் இருக்க, அளவு குறைவு என்பதற்காகச் சேராததை எடுப்பவருக்குக் கம்பைலரே வந்து சேராது.

அடுத்த தவறு பழமையைப் பிடித்துக்கொள்வது. டர்போ சி++ 1990களின் தொடக்கத்தில் டாஸ் இயங்குதளத்துக்காக வந்தது. இன்றைய விண்டோஸில் அதை டாஸ்பாக்ஸ் போன்ற போலிச் சூழலுக்குள் வைத்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது. அதில் முழு எண் மாறிக்கு இரண்டு பைட்டுகளே இடம் என்பதால், 40000 என்ற மதிப்பை வைத்தால் -25536 என்று காட்டும். சி++ மொழிக்கு முதல் சர்வதேசத் தரம் வகுக்கப்பட்டதே 1998இல்தான். அதற்கு முந்தைய கருவியில் பழகிய பழக்கங்கள் இன்றைய கம்பைலரில் பிழையாக வந்து நிற்கும். ஆய்வகத்தில் அதுதான் இருக்கிறது என்றால் தேர்வுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். டெவ் சி++ என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துவோர், 2015இல் வந்த 5.11 பதிப்பில் ஜிசிசி என்ற இலவசக் கம்பைலரின் 4.9.2 பதிப்பு இருப்பதையும், அது தானாக 1998ஆம் ஆண்டுத் தரத்தையே பின்பற்றும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 2011ஆம் ஆண்டுத் தரத்தை அமைப்பில் குறிப்பிட்டுக் கேட்காவிட்டால், மாறியின் வகையைக் கம்பைலரே கண்டறியட்டும் என்று ‘ஆட்டோ’ போட்டு எழுதிய வரி மறுக்கப்படும்.

விண்டோஸில் புதிய ஜிசிசி வேண்டுவோருக்கு எம்சிஸ்2 என்ற இலவச மென்பொருள் தொகுப்பு நல்ல வழி. ஆனால் தவறுகள் மிகுதியாக நடப்பதும் அங்கேதான். முதல் புதுப்பிப்பின்போது சாளரம் தானாக மூடிக்கொள்வதைப் பார்த்து நிறுவல் கெட்டுவிட்டது என்று அழித்துவிடுகிறார்கள்; அது இயல்பான நடத்தை, மீண்டும் திறந்து அதே புதுப்பிப்புக் கட்டளையைக் கொடுத்தால் போதும். அதன் நிறுவல் கருவியான பேக்மேனிடம் வெறுமனே ‘ஜிசிசி’ என்று கேட்பது இன்னொரு தவறு. அப்படி வரும் கம்பைலர் உருவாக்கும் நிரல்கள் எம்சிஸ் நூலகத்தையே சார்ந்திருக்கும். நமக்கு வேண்டியது விண்டோஸின் சொந்த நூலகத்தைப் பயன்படுத்தும் யூசிஆர்டி64 தொகுதியைச் சேர்ந்த கம்பைலர். டீபக்கரான ஜிடிபி தனிப் பொதியாக இருப்பதால் அதையும் கேட்டு வாங்க வேண்டும், அல்லது ‘டூல்செயின்’ என்ற தொகுப்பு முழுவதையும் நிறுவ வேண்டும்.

பிறகு யூசிஆர்டி64 கோப்புறைக்குள் இருக்கும் ‘பின்’ கோப்புறையைப் ‘பாத்’ என்ற சூழல் மாறியில், அதாவது கட்டளைகளை விண்டோஸ் வரிசையாகத் தேடும் கோப்புறைப் பட்டியலில், சேர்க்க வேண்டும். சேர்த்த பின்னும் ஏற்கெனவே திறந்திருக்கும் சாளரத்துக்கும் எடிட்டருக்கும் அந்த மாற்றம் தெரியாது. மூடித் திறக்க வேண்டும். வேறொரு மென்பொருளோடு வந்த பழைய ஜிசிசி முன்வரிசையில் இருந்தால் அதுவே ஓடும். பெர்ல் மொழிக்கான ஸ்ட்ராபெரி பெர்ல் அப்படி ஒன்றைக் கொண்டுவருகிறது. கணினிக்குப் பொதுவான பாதைகளைத் தேடிய பிறகே விண்டோஸ் பயனருக்குரிய பாதைகளைத் தேடும் என்பதால், நாம் சேர்த்தது பின்னால் போய்விடுகிறது. கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘வேர்’ கட்டளையோடு ஜிசிசி என்று கொடுத்தால் எது முதலில் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். கட்டளைச் சாளரத்தில் கம்பைலரும் டீபக்கரும் தத்தம் பதிப்பு எண்ணைச் சொல்லும்வரை எடிட்டரின் அமைப்புகளைத் தொடாமல் இருப்பது நல்லது. கோப்புறைப் பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ இல்லாமல் பார்த்துக்கொள்வதும் பல தொல்லைகளைத் தவிர்க்கும்.

டீபக்கர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை என்று குறைப்படுவோர் பெரும்பாலும் ‘மைனஸ் ஜி’ விருப்பத்தைக் கொடுக்காமல் கம்பைல் செய்தவர்களாக இருப்பார்கள். அது இல்லாவிட்டால் இயங்கு கோப்பில் வரி எண்களும் மாறிப் பெயர்களும் பதியாது. வேகத்துக்காக நிரலை மாற்றியமைக்கும் ஓ2 விருப்பத்தையும் சேர்த்தால் மாறிகள் மறைந்துபோகும், வரிகள் முன்னும்பின்னுமாகத் தாவும்; பிழை தேடும் நேரத்தில் அப்படி மாற்றியமைக்காத ஓ0 போதும். கோட் பிளாக்ஸில் தனிக் கோப்பைத் திறந்து டீபக் செய்ய இயலாது, புராஜெக்ட் உருவாக்கியே ஆக வேண்டும்.

கம்பைல் செய்யும்போது இயங்கு கோப்பைத் திறக்க அனுமதி இல்லை என்று பிழை வந்தால், பழைய நிரல் பின்னணியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். புதிதாகப் பிறந்த கோப்பை வைரஸ் தடுப்பு மென்பொருள் விழுங்கிவிடுவதும் உண்டு; அதற்காக அதை முழுதாக அணைக்காமல், பயிற்சிக் கோப்புறைக்கு மட்டும் விலக்கு அளித்தால் போதும்.

அரசு வழங்கிய பழைய மடிக்கணினியில் பாஸ் லினக்ஸ் என்ற இந்திய இயங்குதளம் இருந்தால் அதை அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். அது டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது. பொதிக் களஞ்சியம் சரியாக இணைந்திருந்தால் கம்பைலரைக் கொண்டுவரும் ‘பில்ட் எசென்ஷியல்’, டீபக்கரான ‘ஜிடிபி’ என்ற இரண்டு பொதிகளை நிறுவியதும் மேற்சொன்ன பாதைச் சிக்கல் எதுவும் இல்லாமல் வேலையைத் தொடங்கலாம். விண்டோஸிலேயே எழுதி, நிரலைக் கல்லூரிக் கணினிக்கு எடுத்துச் செல்வோர் மட்டும் கடைசியாக நூலகத்தை நிரலுக்குள்ளேயே சேர்த்துவிடும் ‘மைனஸ் ஸ்டாட்டிக்’ விருப்பத்தோடு ஒருமுறை கம்பைல் செய்துகொள்ள வேண்டும். இல்லையேல் சி++ நூலகக் கோப்பைக் காணவில்லை என்ற செய்தியோடு அந்தக் கணினியில் நிரல் திறக்க மறுத்துவிடும்.