எல்ப்ஃபில்ஹார்மோனியில் ஆர்கன் கச்சேரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக்கு டிசம்பரில் போகிறீர்களா? எல்ப்ஃபில்ஹார்மோனி இசை அரங்கில், குழாய்களில் காற்றைச் செலுத்தி இசைக்கும் பெரிய வாத்தியமான ஆர்கனின் பண்டிகைக்காலக் கச்சேரி இருந்து, டிக்கெட்டும் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். ஆனால் சில சின்னத் தவறுகளால் பாதி அனுபவம் கைநழுவிப் போய்விடும்.

முதலாவது, கச்சேரி நேரத்துக்குச் சரியாக வாசலில் போய் நிற்பது. பழைய செங்கல் கிடங்கின் தலைமேல் கண்ணாடி அலையாக எழும்பி நிற்கும் கட்டடம் இது. 82 மீட்டர் நீள எஸ்கலேட்டரில் ஏறவே இரண்டரை நிமிடம் ஆகும். அது வளைந்து போவதால் மறுமுனை கண்ணில் படாது. தரையிலிருந்து 37 மீட்டர் உயரத்தில் பிளாசா என்ற பொதுத்தளம், அதற்கும் மேலே படிகள், குளிர்கோட்டைக் கழற்றிக் கொடுக்க வரிசை. ஒரு மணி நேரம் முன்னதாகவே போங்கள். பிளாசாவைச் சுற்றி நடந்து துறைமுக விளக்குகளையும் பார்த்துவிடலாம்.

அப்புறம், மேடைக்கு முன்னால் உட்கார்ந்தால்தான் நன்றாகக் கேட்கும் என்று நினைப்பது. 2017-இல் திறந்த இந்த அரங்கில் மேடை நடுவில் இருக்கிறது. சுமார் 2,100 இருக்கைகளும் அதைச் சுற்றி அடுக்கடுக்காக ஏறுகின்றன. எந்த இருக்கையும் இசை நடத்துநரிடமிருந்து 30 மீட்டரைத் தாண்டாது. ஒலியமைப்பு ஜப்பானிய ஒலியியல் நிபுணர் யசுஹிசா டொயோட்டாவுடையது. ஆர்கன் வாசிப்பவரான ஆர்கனிஸ்ட்டின் கால்கள் காலால் அழுத்தும் கட்டைகளின் மேல் ஓடுவதைப் பார்க்க ஆசை என்றால், கட்டைகள் உள்ள, நகர்த்தக்கூடிய வாசிப்புமேசையை மேடையில் வைத்து வாசிக்கும் கச்சேரியாகத் தேர்ந்தெடுங்கள். என்னைக் கேட்டால், குழாய்களுக்குப் பக்கத்து இருக்கையே மேல்.

ஏனென்றால் பான் நகரத்து கிளைஸ் பட்டறை செய்த இந்த ஆர்கனில் 4,765 குழாய்கள். மிகச் சிறியது விரல் நீளம்கூட இல்லை, மிகப் பெரியது 10 மீட்டருக்கும் மேல். ஆர்மோனியம் போல இதற்கும் காற்றுதான் உயிர். பெரிய குழாய் பேசும்போது சுரம் காதுக்கு எட்டுமுன் இருக்கையும் நெஞ்சுக்கூடும் அதிரும். போனில் பதிவு செய்தால் அந்த அதிர்வு வராது. அதனால் போனை அணைத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

சில சமயம் தலைக்கு மேலிருந்து மெல்லிய ஒலி வரும். ஸ்பீக்கர் எங்கே என்று தேடாதீர்கள். கூரையிலிருந்து தொங்கும், ஒலியை அரங்கெங்கும் திருப்பி அனுப்பும் பெரிய தட்டுக்குள்ளும் ஒரு தொகுதிக் குழாய்களை ஒளித்து வைத்திருக்கிறார்கள். கண்ணை மூடிக் கேட்க வேண்டிய இடம் அது.

நம் சபாக்களில் தொடையில் தாளம் போடுவதும் "ஆஹா" என்பதும் ரசனை. இங்கே அப்படிச் செய்தால் பக்கத்திலிருப்பவருக்கு இடைஞ்சல். மிட்டாய் உறையைப் பிரிக்கும் சத்தம்கூட எதிர் வரிசைக்குக் கேட்கும். ஒரே படைப்பின் பகுதிகளுக்கு இடையே கைதட்டக் கூடாது. கடைசி சுரம் நின்ற பிறகும், ஆர்கனிஸ்ட் கையை இறக்கும்வரை பொறுங்கள். ஒலி அரங்கில் கரைந்து மறைகிற அந்த ஒரு கணமும் கச்சேரியில் சேர்ந்ததுதான்.

முடிந்ததும் கோட்டை வாங்க ஓடுவதும் தவறுதான். இருக்கைகளை ஒட்டி நிற்கும் குழாய்களைத் தொட்டுப் பார்க்கலாம். தொடுவார்கள் என்று தெரிந்தே அவற்றுக்குக் காப்புப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். கூட்டம் கலையும்வரை இருந்து, மெதுவாக உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்.